கப்பல் ஏறுவது எந்த ஊரில்? எங்கள் வீட்டில் இன்னும் முடியாத சண்டை

பார்சிலோனாவில் கப்பல் ஏறியது தப்பு என்று எனக்கு ரோமில் வைத்துத்தான் புரிந்தது. வீட்டுக்காரர் அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டும் முன்னாலேயே இந்தச் சண்டையை உங்கள் வீட்டில் போட்டு முடித்துக்கொள்ளுங்கள், கட்டிய பிறகு போட்டால் பணம் திரும்ப வராது.

நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், 13 வயதுப் பையன், 71 வயது அப்பா, 66 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டைக் கண்டால் முதலில் நின்று எத்தனை படி என்று எண்ணிப் பார்ப்பார், அப்புறம்தான் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு. மே மாதம், ஏழு இரவு, மேற்கு மத்தியதரைக் கடலில் ஒரு சுற்று: பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறைமுகம் சிவிட்டாவெக்கியா, சிசிலியில் பலேர்மோ, ஒரு நாள் முழுக்கக் கடல், பால்மா, மறுபடி பார்சிலோனா.

இந்த மாதிரி சுற்றுக் கப்பல்களில் ஒரு வசதி உண்டு, அது எங்களுக்கு முதலில் தெரியாது. வழியில் வரும் பெரிய துறைமுகங்களில் எதில் வேண்டுமானாலும் ஏறி, ஏழு நாள் கழித்து அதே இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான், உக்கடத்தில் ஏறினாலும் காந்திபுரத்தில் ஏறினாலும் அதே வண்டி, அதே சுற்று. ஆக, எங்கே ஏறுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஏறும் ஊரில் இரண்டு மூன்று நாள் முன்னாடியே போய்த் தங்கிப் பார்க்கலாம், மற்ற ஊர்களுக்குக் கப்பல் நிற்கிற எட்டு ஒன்பது மணி நேரம்தான். எந்த ஊருக்கு மூன்று நாள், எந்த ஊருக்கு எட்டு மணி நேரம் என்பதை முடிவு பண்ணுவது இந்த ஒரு தேர்வுதான். நாங்கள் அதைக் கப்பலில் ஏறுவது சுலபமா கஷ்டமா என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்.

அதற்கு முன்னால் வெனிஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வெனிஸ்தான் ஆசை. நாங்கள் முதலில் போன டிராவல்ஸ்காரர், "வெனிஸ்லயே ஏறிக்கலாம் சார், கப்பல் ஊருக்கு நடுவுல போகும்" என்று சொல்லி ஒரு பயணத் திட்டத்தைக் கொடுத்தார். பையன்தான் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, வெனிஸ்னு போட்டுப் பக்கத்துல ரவென்னான்னு சின்ன எழுத்துல இருக்கு, அது என்ன?" என்று கேட்டான். தேடிப் பார்த்தால் ரவென்னா என்பது வேறு ஊர், சாலை வழியில் வெனிஸிலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல். 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்துக்கு முன்னால் இருக்கும் நீர்ப்பரப்புக்குள் வரக் கூடாது என்று இத்தாலி அரசு தடை போட்டுவிட்டது. அதனால் வெனிஸ் என்று பெயர் போட்டு வரும் கப்பல்களில் சில மர்கேரா தொழிற்பேட்டைப் பக்கம் நிற்கும், சில ரவென்னாவில், சில ட்ரியெஸ்டில். ரவென்னாவைக் குறை சொல்லவில்லை, மொசைக் ஓவியங்களுக்கு உலகப் பெயர் பெற்ற ஊர், கவிஞர் தாந்தேயின் சமாதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் கோண்டோலாப் படகைப் பார்க்க வந்த மனிதரை அங்கே இறக்கிவிட்டால் அவர் என்ன செய்வார்?

இது வெனிஸோடு நிற்கிற விஷயமும் இல்லை. பாரிஸ் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது லெ ஆவ்ரில், 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் வார்னமுண்ட, பால்டிக் கடல் ஓரம், 200 கிலோமீட்டருக்கும் மேல். லண்டன் என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன், 130 கிலோமீட்டர் வரும், போதாததற்கு நம் பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவோடு பிரிட்டிஷ் விசாவும் தனியாக எடுக்க வேண்டும். பிளாரன்ஸ் என்றால் லிவோர்னோ. பெரிய எழுத்தில் இருப்பது விற்பதற்கான ஊர், சின்ன எழுத்தில் இருப்பதுதான் கப்பல் நிற்கும் ஊர். சின்ன எழுத்தை மேப்பில் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

சரி, வெனிஸ் போயிற்று. மிச்சம் இருந்தது பார்சிலோனாவா ரோமா என்ற கேள்வி. வீட்டுக்காரர் ஒரு தாளில் கோடு போட்டு எழுதினார். பார்சிலோனா விமான நிலையத்திலிருந்து ஊர் பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர், ஊரிலிருந்து கப்பல் டாக்ஸியில் கால் மணி நேரம். ரோமில் விமான நிலையம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம், துறைமுகம் ஊரிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி. ஐந்து பேர், ஆறு பெட்டி, இரண்டு வயதானவர்கள். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். எனக்கும் அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

பார்சிலோனாவுக்கு வியாழக்கிழமை மதியம் போய்ச் சேர வேண்டியது, இரவுதான் சேர்ந்தோம். கொச்சியிலிருந்து வளைகுடா வழியாகப் போனோம், இடையில் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். போய் இறங்கினால் ஒரு பெட்டி வரவில்லை, அம்மாவின் புடவைகள் எல்லாம் இருந்த பெட்டி. கப்பல் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் யாருக்கும் படபடப்பு வரவில்லை, சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியை ஓட்டல் வரவேற்பில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இதுவே ஞாயிறு காலையில் இறங்கி மதியம் கப்பல் என்று வைத்திருந்தால் பெட்டி எங்களைத் துரத்திக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக வந்திருக்கும், அல்லது நாங்கள் கப்பலைத் துரத்தியிருப்போம். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே பதிவை மூடிவிடுகிறார்கள், அதற்கப்புறம் நீங்கள் கரையில் நின்று கையை ஆட்டலாம், அவ்வளவுதான். இரண்டு இரவாவது முன்னாடி போங்கள். அப்பாவின் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் என் கைப்பையில் இருந்தன, பயணத்துக்குரியது மொத்தமும். இதில் மட்டும் எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

தங்கியது பரலெல் மெட்ரோ நிலையம் பக்கத்தில். பெயர் பெற்ற ராம்ப்ளா வீதியில் தங்கவில்லை, விலையும் அதிகம், பிக்பாக்கெட்டும் அதிகம், இரவெல்லாம் சத்தம். பரலெலில் இருந்து இரண்டாம் எண் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் சக்ராதா ஃபமீலியா பேராலயத்தின் வாசலில் இறங்கலாம். மூன்றாம் எண் வண்டியில் ஒரே நிலையம் போனால் கொலம்பஸ் சிலை, அங்கிருந்து துறைமுகம். மொன்ஜூயிக் மலைக்குப் போகும் இழுவை ரயிலும் அதே நிலையத்துக்குள்ளிருந்தே கிளம்புகிறது, மெட்ரோ டிக்கெட்டே போதும். வயதானவர்களோடு போகிறவர்கள் ஓட்டலைத் தேடும்போது எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதை விட, எத்தனை வண்டி மாறாமல் போகலாம் என்று பாருங்கள்.

டிக்கெட்டில் ஒரு சின்னக் குழப்பம். டி-காசுவல் என்ற பத்துப் பயண அட்டையை வாங்கி ஐந்து பேரும் மாற்றி மாற்றித் தேய்க்கலாம் என்று நினைத்தோம், முடியாது, அது ஒரு ஆளுக்கு மட்டும். பலர் பகிர்ந்துகொள்ள டி-ஃபமிலியார் என்று எட்டுப் பயண அட்டை தனியாக இருக்கிறது. கெட்டிக்காரத்தனமாக முதலில் வாங்கிய காசுவல் அட்டையை வீட்டுக்காரரே மூன்று நாளும் தேய்த்து முடித்தார்.

சக்ராதா ஃபமீலியாவுக்கு வெள்ளிக்கிழமை காலை 9:15 நேரத்துக்கு ஊரிலிருந்தே ஆளுக்கு 26 யூரோ கட்டிப் பதிவு செய்திருந்தோம். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்த ஒரு குடும்பம் போனைத் தடவிக்கொண்டு பூங்காவில் உட்கார்ந்திருந்தது, அன்றைக்கு இடம் இல்லை. உள்ளே போனதும் அம்மா பேசவே இல்லை. காலை வெயில் கிழக்குக் கண்ணாடி வழியாக நீலமும் பச்சையுமாகத் தரையில் விழுந்து, மரம் மாதிரி கிளை பிரியும் தூண்களில் ஏறி, அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பச்சையாக்கிவிட்டது. மேற்குப் பக்கக் கண்ணாடிகள் சிவப்பு, ஆரஞ்சு, அவை சாயங்காலத்துக்கு. 1882-இல் ஆரம்பித்த கட்டடம், அதன் கட்டடக் கலைஞர் கௌடி 1926-இல் டிராம் வண்டி மோதி இறந்துபோனார், அவர் சமாதி கீழே நிலவறையில்தான் இருக்கிறது என்று பையன் வாசித்துக் காட்டினான். இத்தனை வருஷமாகவா கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு அப்பா, "ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 1987 வரைக்கும் மொட்டையாத்தான் நின்னுது, எத்தனை நூறு வருஷம் அப்படியே கிடந்துது, இவங்க பரவால்ல" என்றார்.

சாப்பாடு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, இதை எங்கேயும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் 'வெஜிடல்' என்று பெயர் எழுதிய சாண்ட்விச், பச்சை இலையெல்லாம் எட்டிப் பார்த்தது. அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார், மென்றார், நிறுத்தினார், காகிதத்தில் துப்பிவிட்டு என் கையைத் திறந்து அதை என் உள்ளங்கையில் வைத்தார். சூரை மீன். ஸ்பெயினில் 'வெஜிடல்' என்றால் காய்கறி இருக்கிறது என்று அர்த்தம், மீனும் முட்டையும் இல்லை என்று அர்த்தம் இல்லை. அதற்கப்புறம் மூன்று நாளும் தக்காளி தேய்த்த ரொட்டியும், ராவல் பகுதியில் பாகிஸ்தான்காரர் கடையில் வாங்கிய தயிரும் அரிசியும்தான். அம்மா கொண்டுவந்திருந்த கைக்கடக்கமான மின்சாரக் குக்கர் ஓட்டல் அறையில் விசில் அடிக்காமலே சாதம் வடித்தது. ஞாயிறு காலையில் பையனுக்கு பிளக் அடாப்டர் வாங்க அலைந்தபோது சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிக் கிடந்தது, அப்போதும் ராவல் கடைதான் காப்பாற்றியது. ஏறும் நாள் ஞாயிறு என்றால் வாங்க வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை மொன்ஜூயிக் கோட்டைக்குப் போனோம். மேலே இருந்து பார்த்தால் துறைமுகம் முழுக்கத் தெரிகிறது, நீளமான கரையில் நாலு கப்பல் வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றும் பெரிய அடுக்குமாடி மாதிரி. நாளைக்கு எங்கே போக வேண்டும் என்பது அங்கேயே விளங்கிவிட்டது. பார்சிலோனாவில் கப்பல் முனையங்கள் ஏ, பி, சி என்று எழுத்துப் பெயரோடு தனித்தனியாக இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற தூரம் இல்லை. டாக்ஸிக்காரரிடம் 'துறைமுகம்' என்று சொல்லாதீர்கள், கப்பல் பெயரைச் சொல்லுங்கள், இல்லை முனையத்தின் எழுத்தைச் சொல்லுங்கள். ஐந்து பேர் என்றால் சாதாரண டாக்ஸியில் ஏற்ற மாட்டார்கள், பெரிய வண்டி வேண்டும் என்று ஓட்டலில் முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது. விமான நிலையத்திலிருந்து நேராகக் கப்பல் முனையத்துக்குப் போகிறவர்களுக்கு மீட்டர் இல்லாத நிலையான கட்டணம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறுங்கள்.

ஞாயிறு மதியம் ஏறியதில் ஒரு குறையும் இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஓட்டலில் இருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் அம்மா கப்பல் அறையில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். குக்கரை மட்டும் பெட்டிச் சோதனையில் பிடித்துக்கொண்டார்கள். சூடாகிற மின்சாரச் சாமான் எதுவும் கப்பலுக்குள் கூடாதாம், தேய்ப்புப் பெட்டி, கெட்டில் எல்லாமே. ஒரு சீட்டுக் கட்டி எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மா அந்தச் சீட்டை ஏழு நாளும் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்தார்.

இப்போது ரோம். புதன்கிழமை காலை 8 மணிக்குக் கப்பல் சிவிட்டாவெக்கியாவில் கட்டியது, சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பும், ஐந்தரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனால் காத்திருக்காது. ஐந்து பேருக்கு அந்தச் சுற்றுலா விலையைக் கேட்டதும் தனியாகவே போவோம் என்று முடிவு செய்தோம். இறங்க 8:40. துறைமுகத்தின் இலவச பஸ்ஸில் லார்கோ தெல்லா பாச்சே என்ற நிறுத்தம் வரை, அங்கிருந்து காசு கொடுத்து இன்னொரு பஸ்ஸில் ரயில் நிலையம், அங்கே டிக்கெட் எந்திரத்தின் முன்னால் நம் கப்பல் சனம் முழுக்க வரிசையில். வண்டி ஏறி கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து வாடிகன் நடக்கிற தூரம்தான், இளசுகளுக்குப் பதினைந்து நிமிஷம், அம்மாவுக்கு இருபத்தைந்து. சதுக்கத்துக்குள் கால் வைக்கும்போது மணி 11.

கால் வைக்க முடியவில்லை என்பதுதான் சரி. புதன்கிழமை காலைகளில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நாள், சதுக்கம் முழுக்க நாற்காலி, கூட்டம், தடுப்பு. அது முடிந்து நண்பகல் தாண்டித்தான் பேராலயத்துக்குள் மற்றவர்களை விடுவார்கள். இது ரகசியமே இல்லை, வாராவாரம் நடப்பது, நான் தேதி பார்த்தேன், கப்பல் நேரம் பார்த்தேன், கிழமை பார்க்கவில்லை. வெயிலில் அம்மாவைத் தூண்களுக்குக் கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். பாதுகாப்புச் சோதனை தாண்டினால், பையன் போட்டிருந்த அரைக்கால் சட்டையைப் பார்த்துவிட்டு வாசலில் நிறுத்தினார்கள், முழங்கால் தெரியக் கூடாது. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து, பேரனின் இடுப்பில் சுற்றி, முனையை உள்ளே செருகினார். காவலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கையைக் காட்டினார். கோயமுத்தூர் துண்டு, வாடிகன் வரைக்கும் போய் வேலை பார்த்தது.

உள்ளே நுழைந்ததும் வலது கைப்பக்கம் மைக்கேல் ஆஞ்சலோவின் பியெத்தா சிலை, 1972-இல் ஒருவன் சுத்தியலால் உடைத்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய். அம்மா கண்ணாடிக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். "அந்தக் கையப் பாரு கண்ணு, தூக்கிப் புடிக்கவும் இல்ல, உடவும் இல்ல" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நிற்க விட்டிருக்கலாம். நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "போலாம் வாங்கம்மா, நேரமாச்சு" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். எங்களுக்குக் கொலோசியத்தில் 1:30 மணிக்குப் பெயரோடு பதிவு செய்த டிக்கெட் இருந்தது, ஆளுக்கு 18 யூரோ, பையனுக்கு இலவசம், நாலு பேருக்கு 72. பேராலயத்தை விட்டு வெளியே வரும்போதே மணி 2:15. அந்த 72 யூரோ அங்கேயே போய்விட்டது.

திரும்பும் ரயில் இருபது நிமிஷம் தாமதம். அந்த இருபது நிமிஷத்தில் வீட்டுக்காரர் நடைமேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எத்தனை முறை நடந்தார் என்று பையன் எண்ணினான், பதினொன்று. கப்பல் வாசலுக்கு வந்தபோது 5:10. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ஒன்பது மணி நேரத்தில் ரோம் எங்களுக்குக் கிடைத்தது மூன்றே கால் மணி நேரம், அதிலும் பாதி வரிசையில். கொலோசியம் இல்லை, ட்ரெவி நீரூற்று இல்லை, பாந்தியோன் இல்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பா, "அப்ப ரோமைப் பாத்தாச்சுங்களா?" என்று நிஜமாகவே சந்தேகத்தோடு கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறோம். பார்சிலோனாவில் கப்பல் ஊருக்குப் பக்கத்தில் நிற்கிறது, கப்பலில் வருகிறவன்கூடக் காலையில் இறங்கி டாக்ஸி பிடித்தால் அரை மணி நேரத்தில் சக்ராதா ஃபமீலியாவில் இருப்பான், மதியம் மொன்ஜூயிக் பார்த்துவிட்டு நாலு மணிக்குத் திரும்பிவிடலாம். எட்டு மணி நேரம் அந்த ஊருக்குத் தாங்கும். ரோமில் போக வர மட்டும் நாலைந்து மணி நேரம் தின்றுவிடும். அப்படியென்றால் மூன்று நாள் தங்க வேண்டிய ஊர் எது? கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊர்தான். கப்பல் ஏறும் அந்த ஒரு நாள் கஷ்டம்தான், ஆனால் எழுபது எண்பது கிலோமீட்டரை ஒரு தடவை, பெட்டியோடு, அவசரமில்லாமல் கடந்தால் போதும். நாங்கள் ஒரே நாளில் இரண்டு தடவை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கடந்தோம்.

வீட்டுக்காரரின் பதில் என்னவென்றால், ஊர் பார்ப்பது வேறு, கப்பல் ஏறுவது வேறு. நீண்ட விமானப் பயணம் முடிந்து தூக்கம் கெட்டுப் போய் இறங்கும் வயதானவர்களுக்கு முதல் மூன்று நாள் சுலபமான ஊர்தான் வேண்டும், ரோமின் கருங்கல் பாவிய தெருக்களில் ஆறு பெட்டியை இழுத்துப் பார்த்தால் தெரியும், அப்புறம் ரோமுக்கென்று தனியாக இன்னொரு தடவை போய்க்கொள்ளலாம் என்பார். அந்தக் கடைசி வாதம் மட்டும் எனக்குப் பிடிக்காது, அப்பாவுக்கு 71.

என் வழியைச் சோதித்துப் பார்த்தது தங்கச்சி. அடுத்த வருஷம் அவள் குடும்பம் அதே சுற்றில் சிவிட்டாவெக்கியாவில் ஏறியது, ரோமில் மூன்று இரவு. டெர்மினி நிலையம் பக்கத்தில் தங்கினாள், விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் அரை மணி நேரத்தில் அங்கேயே கொண்டுவிடுகிறது, ஏ, பி என்ற இரண்டு மெட்ரோ பாதைகளும் அங்கேதான் சந்திக்கின்றன. கொலோசியம், வாடிகன் அருங்காட்சியகம், ட்ரெவி எல்லாம் நிதானமாகப் பார்த்தாள். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும், அதையும் கிழமை பார்த்துத் திட்டம் போட்டாள், என் கதை அவளுக்குத் தெரியுமே. ஆனாலும் ஒன்று மாட்டிக்கொண்டது, ஷோப்பெரோ. போக்குவரத்து வேலைநிறுத்தம். இத்தாலியில் இதை முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்வார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வரும், காலையிலும் சாயங்காலமும் சில மணி நேரம் மட்டும் வண்டி ஓடும். அவளுக்கு வந்ததும் வெள்ளிதான், மெட்ரோ இல்லாமல் நடந்தே சுற்றினார்கள். கப்பல் ஏறும் நாளில் வந்திருந்தால்? அதனால் அந்த நாளுக்கு மட்டும் ரயிலை நம்பாமல் ஓட்டல் மூலமாக ஒரு வேன் பேசிவிட்டாள், 170 யூரோ, ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 34. வேன் ஓட்டல் வாசலில் ஏற்றிக் கப்பல் முனைய வாசலில் இறக்கியது. வீட்டுக்காரர் பயந்த அந்தக் கருங்கல் தெருவில் பெட்டியின் சக்கரம் படவே இல்லை.

நடுவில் ஜெனோவாவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எடுக்கலாம். அங்கே கப்பல் முனையம் பிரின்சிப்பே ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், மிலானில் இறங்கி ரயிலில் வருகிறவர்களுக்கு வசதி.

விசா பற்றிக் கேட்பவர்களுக்கு: ஷெங்கன் விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்னாலிருந்தே கொடுக்கலாம், அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குக் கொடுக்க வேண்டும், ஏறும் ஊரை மாற்றினால் அந்த நாடும் மாறிவிடலாம் என்பதை மறக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. கப்பல் நடுவில் துனிஸ், துருக்கி, மொண்டெனேக்ரோ என்று ஷெங்கனுக்கு வெளியே எங்காவது தொட்டுவிட்டுத் திரும்புவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசா வேண்டும், ஒருமுறை விசாவோடு போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். பயணத் திட்டத்தை அச்சடித்து விண்ணப்பத்தோடு வைத்து, எந்தத் துறைமுகத்தில் வெளியேறி எங்கே நுழைகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த வருஷம் கிரீஸ் தீவுகள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதென்ஸுக்கான துறைமுகம் பிரேயஸ், ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான், 2022-லிருந்து விமான நிலைய மெட்ரோவே மாறாமல் பிரேயஸ் வரை ஒரு மணி நேரத்தில் கொண்டுவிடுகிறது. பக்கம் என்றும் சொல்லலாம், தள்ளி என்றும் சொல்லலாம், ஆகவே எங்கள் வீட்டில் சண்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. அப்பா அக்ரோபோலிஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். அம்மா அங்கே எத்தனை படி என்று கேட்டார், குக்கரை இந்தத் தடவை எடுத்துப்போவதில்லை என்று பரணில் ஏற்றிவிட்டார்.